அறுப்பிலும் இஹ்ஸான்: முஹ்தஸிப்கள் காத்த மரபு

 

இறைச்சி ஹலாலா என்று அறிய, அறுத்தவர் யார், பிஸ்மில்லாஹ் கூறினாரா என்று விசாரிக்கிறோம். இவை அவசியமான கேள்விகளே. ஆனால் அந்தப் பிராணி அறுக்குமிடத்திற்கு எப்படிக் கொண்டுவரப்பட்டது, எப்படிக் கிடத்தப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. நம் முன்னோர்கள் கேட்டார்கள். கேட்பதற்கென்றே அதிகாரிகளையும் நியமித்தார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் உயிருள்ள ஒட்டகத்தின் திமிலையும் ஆட்டின் கொழுத்த வாலையும் அறுத்து உண்டுவந்தார்கள். உயிருள்ள பிராணியிலிருந்து வெட்டப்படுவது செத்ததற்குச் சமம் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். உண்பதே ஹராம் என்றானபின் அந்தக் கொடுமையால் யாருக்கு என்ன லாபம்?

அல்லாஹ் எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது அழகிய முறையை, விதித்துள்ளான் என்றும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் நபியவர்கள் கட்டளையிட்டதை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண்ணெதிரே கத்தி தீட்டிய ஒருவரிடம், அதை இருமுறை கொல்ல விரும்புகிறீரா என நபியவர்கள் கேட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஆட்டைக் காலைப் பிடித்து இழுத்துச் சென்ற ஒருவரைக் கண்டித்து, மரணத்தை நோக்கியும் அதை அழகிய முறையில் நடத்திச் செல்லுமாறு உத்தரவிட்டதாக அறிவிப்புகளில் வருகிறது.

இந்தப் போதனைகளைக் கடைவீதியில் நடைமுறைப்படுத்தியவர்கள் ‘முஹ்தஸிப்’ எனும் சந்தைக் கண்காணிப்பாளர்கள். தாங்க முடியாத வேலையைக் கால்நடைகள் மீது சுமத்துவோரைத் தடுப்பது முஹ்தஸிபின் கடமை என்று இமாம் மாவர்தீ (ரஹ், மறைவு கி.பி. 1058) எழுதினார்கள். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஷைஸரீ (ரஹ்) அவர்கள் முஹ்தஸிப்களுக்கான கையேட்டில் கசாப்புக்காரர்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். ஆட்டைக் காலைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. மழுங்கிய கத்தியால் அறுக்கக் கூடாது. உயிர் பிரிந்து உடல் குளிரும்வரை தோலை உரிக்கக் கூடாது. கடை வாசலில் அறுத்துப் பாதையை இரத்தத்தாலும் சாணத்தாலும் அசுத்தமாக்கக் கூடாது. இவை வெறும் உபதேசங்கள் அல்ல. அதிகாரி நேரில் பார்த்துக் கண்காணிக்க வேண்டிய விதிகள்.

இந்த மரபுக்குச் சொந்தக்காரர்களான நாம் பின்னர் என்ன ஆனோம்? 2006ஆம் ஆண்டு கெய்ரோவின் பஸாதீன் அறுப்புக் கூடத்தில் மாடுகளின் கால் நரம்புகள் வெட்டப்பட்ட காட்சிகள் வெளியாகின. ஆஸ்திரேலியா எகிப்துக்குக் கால்நடைகள் அனுப்புவதை நிறுத்தியது. 2011ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் அறுப்புக் கூடங்களில் மாடுகள் வதைக்கப்பட்டதை ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. ஜூன் மாதம் மாடு ஏற்றுமதி நிறுத்தப்பட்டு, ஜூலையில் புதிய நிபந்தனைகளுடன் மீண்டும் தொடங்கியது. அங்கே மாடுகளைச் சாய்த்து வீழ்த்திய இரும்புப் பெட்டிகளை அமைத்ததில் ஆஸ்திரேலிய இறைச்சித் துறையினருக்கும் பங்கு இருந்தது. எனினும் அது நம் பொறுப்பைக் குறைத்துவிடாது. முஹ்தஸிப் சொல்ல வேண்டியதைப் பிறர் சொல்லும் நிலை வந்ததே, அதுதான் வெட்கம்!

அன்பானவர்களே! உடல் குளிருமுன் தோலுரித்தால் இறைச்சி ஹராமாகிவிடாது. ஆனால் அது வெறுக்கத்தக்க செயல் என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் கூறியுள்ளார்கள். தட்டில் இருப்பது ஹலாலாக இருந்தும், அதை அங்கே கொண்டுவந்த வழிக்காக மறுமையில் பதில் சொல்ல நேரிடலாம். இதை நாம் சிந்திக்க வேண்டாமா?

இமாம் நவவீ (ரஹ், மறைவு கி.பி. 1277) அவர்கள் ஒழுங்குகளை எளிதாகத் தொகுத்துள்ளார்கள்: பிராணியின் முன்னிலையில் கத்தி தீட்டக் கூடாது, ஒன்றின் முன்னிலையில் மற்றொன்றை அறுக்கக் கூடாது, அறுக்குமிடத்திற்கு இழுத்துச் செல்லக் கூடாது, அறுக்குமுன் தண்ணீர் காட்ட வேண்டும். இவற்றுக்குப் பெரும் செலவில்லை; சற்றுப் பொறுமை போதும்.

இன்று நம் தெருவில் முஹ்தஸிப் இல்லை. எனவே குர்பானி கொடுக்கும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் பிராணிக்குத் தாமே முஹ்தஸிபாக நிற்க வேண்டும். அறுப்பவரிடம் கத்தியை முன்னரே தீட்டிவரச் சொல்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். வரிசையில் காத்திருக்கும் ஆடுகளை மறைவாகக் கட்டச் சொல்லுங்கள். அருகில் நிற்கும் உங்கள் பிள்ளை அன்று கற்பது கொலையை அல்ல, இஹ்ஸானை என்றாகட்டும்.

எல்லாவற்றிலும் இஹ்ஸானைப் பேணும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.