ஒட்டிய கன்னம்: ஒரு மாத்திரையின் கதை

எச்.ஐ.வி. என்றதும் நம்ம ஊர்ப்பக்கம் இன்னமும் மனசுல வர்றது எலும்பும் தோலுமா, கன்னம் ஒட்டிப்போன ஒரு முகம்தான். அந்த முகத்தை நோய் மட்டும் உண்டாக்கவில்லை. உயிரைக் காப்பாற்றிய மாத்திரையும் கொஞ்ச காலம் அதே முகத்தைத்தான் கொடுத்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். கூட்டு மருந்து சிகிச்சை 1996 வாக்கில் வந்தது. ஆனால் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவு. 2001-ல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அதன் பிறகுதான் அரசால் இதை யோசிக்கவே முடிந்தது. 2004 ஏப்ரல் 1-ல் இலவச ஏ.ஆர்.டி. திட்டம் எட்டு மையங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இருந்த மையம் தாம்பரம் சானடோரியம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அது ஐநூறு கிலோமீட்டருக்கு மேல்.

அந்த மலிவான கூட்டில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. அது ஒரு போலி டி.என்.ஏ. எழுத்து. வைரஸ் தன் மரபுச் சங்கிலியைக் கட்டும்போது இந்தப் போலியை எடுத்துச் செருகும், சங்கிலி அதோடு நின்றுவிடும். சிக்கல் என்னவென்றால், நம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்த டி.என்.ஏ. உண்டு. அதைப் பிரதி எடுக்கும் நொதியும் இதே போலியில் ஏமாந்துவிடும். விளைவு: கன்னத்திலும் கை கால்களிலும் கொழுப்பு கரையும், பாதம் எரியும், டிரைகிளிசரைடு ஏறும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இதில் கொடுமை ஒன்று உண்டு. சி.டி.4 எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும். ஆள் உள்ளுக்குள் தேறிக்கொண்டிருப்பார். முகம் மட்டும் ஊருக்கு வேறு சேதி சொல்லும். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் சின்ன ஊரில், யாரிடமும் சொல்லாத ரகசியத்தைக் கன்னமே சொல்லிவிட்டால் என்ன செய்வது? கரைந்த கொழுப்பு மருந்தை மாற்றினாலும் முழுசாகத் திரும்பாது.

அப்படியானால் அந்த மருந்தைக் கொடுத்தது தப்பா? இல்லை என்றுதான் சொல்வேன். அன்றைக்கு இருந்த கேள்வி நல்ல மருந்தா, கெட்ட மருந்தா என்பதல்ல. இந்த மருந்தா, சாவா என்பது. ஆனால் மாற்று மருந்துகள் பணக்கார நாடுகளுக்கு முதலில் போய்ச் சேர்ந்தன என்பதும் உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஸ்டாவுடின் அளவை 30 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. 2009-ல் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது.

பிறகு டெனோஃபோவிர் வந்தது; சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் கவனிக்க வேண்டியிருந்தது. 2020 வாக்கில் டோலுடெக்ராவிர் வந்தது. வைரஸை வேகமாக அடக்கும், நல்ல மருந்து. இதில் கதை தலைகீழ்: பலருக்கு எடை ஏறுகிறது, சிலருக்குச் சர்க்கரையும் ஏறுகிறது. 2004-ல் முப்பது வயதில் மாத்திரை தொடங்கியவர் இன்று ஐம்பதைத் தாண்டியவர். சர்க்கரையும் மாரடைப்பும் எட்டிப் பார்க்கிற வயது. இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வு 2023-ல் வெளியானது. பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை இவர்களில் பெரிய இதயப் பாதிப்புகளை 35 சதவீதம் குறைத்தது.

நடைமுறையில் ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். டோலுடெக்ராவிர், சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை ரத்தத்தில் கூட்டிவிடும். அதன் அளவை மருத்துவர் கவனித்துத்தான் தரவேண்டும். உள்ளூர் சர்க்கரை டாக்டருக்கு இது தெரிய வேண்டுமென்றால், ஏ.ஆர்.டி. சாப்பிடுவதை நோயாளி சொல்லியாக வேண்டும். அவமானத்துக்குப் பயந்து மறைத்தால், ரெண்டு சீட்டும் ஒன்றையொன்று பார்க்காமலே போகும். மருந்து தலைமுறை தலைமுறையாக மாறிவிட்டது. சொல்ல முடியாத நிலைமை மட்டும் இன்னும் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.