வாடகை வீடும் வாடகைச் சட்டமும்

குன்றாண்டார்கோவிலில் குடைவரைக்கு முன் நிற்கும் மண்டபத்தைத் தேர் வடிவில் அமைத்திருக்கின்றனர். கல்லிலே சக்கரங்கள், இழுத்துச் செல்லக் குதிரைகள். அத்தேர் நகர்வதில்லை, ஊர்ப் பிள்ளைகள்தாம் நகர்கின்றனர். கீரனூர் வந்து, திருச்சியைக் கடந்து, சென்னையில் இறங்கியதும் அவர்கள் தேடுவது வேலையை மட்டுமன்று, தலைசாய்க்க ஓர் அறையையும்தான்.

அந்தத் தேடலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறன்று சப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு வெளியேற, வீடுகள் பூட்டிக் கிடந்தன. அச்சம் தணிந்து அவர்கள் திரும்பியபோதோ நிலைமை தலைகீழாயிற்று. போர்க்காலத்தில் புது வீடுகள் எழுவது அரிது, வருவோரோ பெருகினர். போர்க்கால ஆணைகளாகத் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1946-இல் சட்டமாகி, 1949-இலும் 1960-இலும் மறுபடி இயற்றப்பட்டது. 1948 மார்ச்சு வரை தனிச் சமஸ்தானமாயிருந்த புதுக்கோட்டையின் மக்களுக்கு, சென்னையின் இச்சட்டம் பிழைப்புக்காகப் பட்டணம் போனபின் அறிமுகமான ஒன்றே.

1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நியாய வாடகை எவ்வளவு என்பதை வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர் வரையறுக்கலாம். சட்டம் சொன்ன காரணமின்றி எவரையும் வெளியேற்ற இயலாது. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேற்படலாகாது. ஏட்டில் அப்படி. சென்னையில் பத்து மாத முன்பணம் கேட்பது வழக்கமாயிருந்ததை வாடகைக்குக் குடியிருந்தோர் நன்கறிவர். வீடு வேண்டுமே என்ற தவிப்பில் இருப்பவன், சட்டப்புத்தகத்தைக் கையில் ஏந்தியா கதவைத் தட்டுவான்?

நாம் மெல்லக் கடந்துபோக விரும்பும் பக்கமும் இவ்வரலாற்றில் ஒன்று உண்டு. 1976-இல் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்து, கிறித்தவ, இசுலாமியச் சமய அறக்கட்டளைகளுக்கும் பிற பொது அறக்கட்டளைகளுக்கும் உரிய கட்டடங்களுக்கு அச்சட்டத்திலிருந்து முழு விலக்கு அளிக்கப்பட்டது. பழைய வாடகையிலேயே முடங்கிய வருவாயால் அறப்பணிகள் நலிகின்றன என்பது அதற்குரிய வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. வழக்குத் தொடுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றமும் விலக்கை ஏற்றது. ஆயினும் விளைவைப் பாருங்கள்: தனியார் வீட்டில் குடியிருந்தவருக்கு இருந்த பாதுகாப்பு, அறநிறுவனத்தின் வீட்டில் குடியிருந்தவருக்கு இல்லாமற் போயிற்று. மாத வாடகைக் குடியை 15 நாள் அறிவிப்பால் முடித்துக்கொள்ள 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இடங்கொடுத்தது. அறநிறுவனம் இலாபக் கண்ணோடு நடவாது என்ற நம்பிக்கையே அந்த விலக்கின் அடியில் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கைக்கு நாம் எந்த அளவுக்குத் தகுதியுடையவராயிருந்தோம் என்பதைப் பங்குகளின் வாடகைப் பதிவேடுகள்தாம் சொல்லவேண்டும்.

2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பழையதை நீக்கிற்று. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்யவேண்டும் என்றது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை வரம்பாக்கியது, இரு தரப்பும் வேறுவிதமாய் உடன்படாதவரையில். ஆனால் கதவைத் திறந்தவுடன் கேட்கப்படும் கேள்விகள் எந்தப் படிவத்திலும் இல்லை. எந்த ஊர்? என்ன ஆட்கள்? சைவமா, அசைவமா? குன்றாண்டார்கோவில் என்று முதற் கேள்விக்கு விடை சொல்லும் இளைஞன், இரண்டாவதற்கு என்ன சொல்வதென்று வாயிற்படியிலேயே தயங்கி நிற்கிறான்.