தெலுக் ஆயர் கரையும் கடல் காத்த பெரியோரும்

தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் இன்று அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட ஒரு சின்னத் தெரு. அங்கே நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. மலாயில் 'தெலுக்' என்றால் விரிகுடா, 'ஆயர்' என்றால் தண்ணீர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலை மண்ணிட்டு நிரப்பும்வரை இந்தத் தெருவே கரையாக இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சீனத்துத் துறைமுகங்களிலிருந்தும் பாய்மரக் கப்பலில் வந்தவர்கள் முதலில் கால் வைத்த மண் இது.

பிழைத்து வந்தோமே என்ற நன்றியை அவர்கள் கட்டடங்களாக விட்டுச் சென்றார்கள். நம் சூலியா முன்னோர் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்காவை எழுப்பினார்கள். சற்றுத் தள்ளி, 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியது அல்-அப்ரார் பள்ளிவாசல். 'குச்சுப்பள்ளி' என்ற பழைய பெயர் அதனால் வந்ததுதான். இவ்விரண்டுக்கும் நடுவே ஹொக்கியன் மக்கள் 1839இல் கட்டத் தொடங்கி 1842இல் முடித்தது தியான் ஹாக் கெங் கோயில். அங்கே முதன்மைத் தெய்வம் மாட்சு என்னும் கடல் அன்னை.

அடுத்தடுத்து நிற்கும் தர்காவையும் சீனக் கோயிலையும் நாம் தனித்தனியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவற்றின் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வியப்பாக இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது என்ன? முடி திருத்திக்கொண்டிருந்தபோது கையிலிருந்த கண்ணாடியை வீசினார்கள். நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலின் துளையை அது போய் அடைத்தது. மாட்சு, 10ஆம் நூற்றாண்டில் ஃபூஜியன் கரையோரத் தீவில் பிறந்த லின் மோ என்ற பெண் என்பார்கள் சீனர்கள். அவள் தறியில் அமர்ந்தபடியே மெய்மறந்து, புயலில் சிக்கிய தந்தையையும் சகோதரர்களையும் காக்க முனைந்தாள் என்பது அவர்கள் வழக்கு. இரண்டிலும், இருந்த இடத்தைவிட்டு நகராமலே தொலைவில் தவிக்கும் கப்பலுக்கு உதவி போகிறது. கணவனையும் மகனையும் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருந்த வீடுகளுக்கு இதைவிட ஆறுதலான கதை வேறு என்ன இருக்க முடியும்? இன்று நாம் கொள்கலனை அனுப்புமுன் இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுகிறோம். அன்று நேர்ச்சை ஒன்றுதான்.

நாகூருக்குத் தெற்கே, இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது வேளாங்கண்ணி. புயலில் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் மரியன்னைக்குக் கட்டிய ஆலயம் அது என்பது கத்தோலிக்க மரபு. இன்னும் பின்னால் போனால் பௌத்தர்களுக்கும் ஒரு கடல் காவல் தெய்வம் உண்டு: மணிமேகலை. தன் முன்னோர் ஒருவரைக் கடலில் காத்த அந்தத் தெய்வத்தின் பெயரையே கோவலன் மகளுக்கு இட்டான். ஜாதகக் கதையில் அதே தெய்வம் சுவர்ணபூமிக்குப் புறப்பட்டுக் கப்பல் உடைந்து தத்தளித்த மகாஜனகனைத் தூக்கிக் காப்பாற்றுகிறது. சுவர்ணபூமி என்றால் நாம் இன்று வாழும் இந்தக் கீழைத் திசைதான்.

கதைகள் ஒத்திருப்பதால் வழிபாடும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. மாட்சு மனிதப் பெண்ணாகப் பிறந்து தெய்வ நிலைக்கு உயர்ந்தவர். சீனப் பேரரசர்கள் அவருக்கு 'விண்ணகப் பேரரசி' என்றே பட்டம் தந்தார்கள். மரியன்னையிடம் கத்தோலிக்கர் பரிந்துரை வேண்டுவார்கள். ஆராதனை இறைவனுக்கு மட்டும் என்பது அவர்கள் திருச்சபையின் போதனை. நமக்கோ வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையே நாம் வணங்குவதில்லை. இறைநேசர்களுக்கு உரியது கண்ணியம். நடுக்கடலில் புயல் சூழும்போது மனிதன் கலப்பில்லாமல் இறைவனை அழைப்பதையும், கரையேறியதும் மறந்துவிடுவதையும் குர்ஆன் பல இடங்களில் சுட்டிக்காட்டுகிறது. கப்பலில் வந்த நம் முன்னோருக்கு அந்த வசனங்கள் ஏட்டுப் பாடமாக இருந்திருக்காது.

தர்கா பற்றி நம் குடும்பங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் பாட்டி கந்தூரிக்கு நேர்ச்சை வைப்பார். பேரன் அது கூடாது என்பான். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் கருத்து வேறுபாட்டைக் காரணம் காட்டி வரலாற்றையும் சேர்த்து விட்டுவிடுவது நமக்குச் சரியாகப் படவில்லை. நாகூரில் உயர்ந்து நிற்கும் பெரிய மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவர் முஸ்லிம் அல்லர். அந்த மினாராவை நாம் அந்நியமாக நினைப்பதும் இல்லை. பினாங்கு சூலியா ஸ்ட்ரீட்டில் நம்மவர்கள் எழுப்பிய நாகூர் நினைவிடமும் இதே கடல்வழியில் வந்ததுதான்.

தெலுக் ஆயர் தர்கா 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் பழுதடைந்து பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. புதுப்பிக்கப்பட்டு 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்தபோது, வழிபாட்டுக்கு வந்தவர்களின் இடத்தில் பார்க்க வருபவர்கள் நின்றார்கள். பக்கத்துக் கோயிலில் மட்டும் ஊதுவத்திப் புகை இன்றும் ஓயவில்லை. சிலருக்கு இது நிம்மதி, சிலருக்கு வருத்தம். கட்டடம் நம் பெயரில் நிற்கிறதே என்பது எங்கள் மகிழ்ச்சி.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கதவு எண் 140இல் தர்காவைப் பார்க்கலாம். 158இல் சீனக் கோயில். வாசலில் நின்று இந்தக் கண்ணாடிக் கதையையும் தறிக் கதையையும் சொல்லுங்கள். லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் கிளம்பினால், 192இல் இருக்கும் குச்சுப்பள்ளியில் ஜமாஅத்தோடு தொழுதுவிடலாம்.