கேலக்சியன்: பதினாறு கிலோபைட்டில் ஒரு போர்க்களம்

கேலக்சியன் என்பது ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1979-இல் வெளியிட்ட விண்வெளிச் சுடும் விளையாட்டு. வடிவமைத்தவர் கசுனோரி சவானோ. காசு போட்டு ஆடும் பெட்டியாகத் தொடங்கி, 1984-இல் ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கான கேசட்டாகவும் வந்தது. 1990-களில், பல விளையாட்டுகளை ஒன்றாக அடைத்த உரிமமற்ற கேசட்டுகளுக்குள் ஏறித் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. நாம்கோ என்ற பெயரையே கேள்விப்படாத பிள்ளைகள்தான் இங்கே அதை ஆடினார்கள்.

கேலக்சியனுக்கு ஓராண்டு முன்பு, 1978-இல், டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஜப்பானையே ஆட்டிப்படைத்திருந்தது. அதன் திரை கறுப்பு வெள்ளை. வண்ணத் தாள் ஒட்டித்தான் நிறம் காட்டினார்கள். எதிரிகள் வரிசை கலையாமல் பக்கவாட்டில் நகர்ந்து, படிப்படியாகக் கீழே இறங்குவார்கள். அந்த வரிசையை உடைத்ததுதான் கேலக்சியன் செய்த புதுமை. எதிரிகள் அணியிலிருந்து பிரிந்து, வளைந்து வளைந்து பாய்ந்து, குண்டு பொழிந்தபடி கீழே வந்தார்கள். ஒவ்வொரு வகைக்கும் சொந்த நிறம் இருந்தது. பின்னணியில் விண்மீன்கள் மினுங்கி நகர்ந்தன. அணியில் நிற்பவர்களைப் பின்னணிச் சித்திரமாகவும், பாய்பவர்களைத் தனி உருவங்களாகவும் வரைந்ததால்தான் அன்றைய எளிய மின்சுற்றில் இவ்வளவும் நடந்தது.

ஒரு சுற்றில் 46 எதிரிகள். நீலம் 30, ஊதா 8, சிவப்பு 6, உச்சியில் மஞ்சள் நிறத் தலைவர்கள் 2. அணியில் நிற்கும் நீலத்தைச் சுட்டால் 30 புள்ளி. பாயும்போது சுட்டால் 60. தலைவன் கீழே வரும்போது இரண்டு சிவப்புக் காவலர்களைக் கூட்டி வருவான். அவனை மட்டும் அவசரப்பட்டு வீழ்த்தினால் 300 புள்ளி. காவலர் இருவரையும் முதலில் முடித்துவிட்டு, தப்பிப்பதற்குள் அவனையும் வீழ்த்தினால் 800. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆடுபவரிடம் ஒரே நேரத்தில் ஒரு குண்டுதான். அது இலக்கில் பட வேண்டும், அல்லது திரையின் உச்சியைத் தாண்ட வேண்டும். அதுவரை அடுத்தது கிடையாது. குறி தவறினால் அந்தக் கணத்துக்குக் கை வெறுங்கை. பொத்தானை விடாமல் அமுக்கி வெல்லும் பிற்காலச் சுடும் விளையாட்டுகள் எதிலும் இந்தப் பொறுப்பு இல்லை. இன்றும் கேலக்சியன் சலிக்காமலிருக்க இதுவே காரணம். 1981-இல் வந்த அதன் வாரிசான கேலகா, உலகப் புகழில் மூத்ததை முந்தியது. கண்டிப்பில் மூத்ததே மேல்.

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவி 1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்காக நாம்கோ வெளியிட்ட முதல் கேசட், 1984 செப்டம்பரில் வந்த கேலக்சியன். நிரலுக்கு 8 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட், மொத்தம் 16. அடுத்த ஆண்டு வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு 40 கிலோபைட் தேவைப்பட்டது; கான்ட்ராவுக்கு 128.

இந்தச் சிறிய அளவுதான் அதைக் கடல் தாண்ட வைத்தது.

ஃபேமிகாமில் போலிக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சிப் கிடையாது. அமெரிக்காவில் விற்ற வடிவத்தில்தான் அதைச் சேர்த்தார்கள். ஆகவே நகல் எடுத்தவர்கள் ஃபேமிகாமின் 60 முனைக் கேசட்டையே பின்பற்றினார்கள். முழுக் கருவியையும் ஒரே சிப்பில் அடக்கி, அதன் மேல் கறுப்புப் பிசின் பூசிய பலகைகள் மலிவாகக் கிடைத்தன. இந்தியாவில் 1980-களின் இறுதியில் சாமுராய் என்ற பெயரில் நிண்டெண்டோவின் கருவி வந்திருந்தாலும், பரவலாக வீடு புகுந்தவை லிட்டில் மாஸ்டர், மீடியா, டெர்மினேட்டர் போன்ற பெயர்களில் வந்த பெட்டிகளே. கூடவே வந்த கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பதோ சில விளையாட்டுகள்தான். அவற்றையே வேகத்தையும் தொடக்கச் சுற்றையும் மாற்றி மாற்றிப் பட்டியலில் நிரப்பியிருப்பார்கள். அப்படி நிரப்ப இடம் அதிகம் பிடிக்காத விளையாட்டுகள் வேண்டும். கேலக்சியன் அடிக்கடி இடம்பெற்றது அதனால்தான். நாம்கோவுக்கு இதில் ஒரு காசும் போகவில்லை, அது அநியாயம். ஆனால் அந்தக் கேசட்டுகள் இல்லையென்றால் இங்கே ஒரு தலைமுறைக்கு இந்த விளையாட்டே தெரிந்திருக்காது.

சென்னையில் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் இத்தகைய மின்னணுச் சரக்குக்குப் பேர்போன இடங்கள். நகருக்கு வெளியே நிலைமை வேறு. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பையையே எடுத்துக்கொண்டால், அது அப்போது ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர். பக்கத்து ஒரகடம் தொழிற்பேட்டையாகப் பெருத்தது பிற்பாடு. இத்தகைய ஊர்களில் விளையாட்டுப் பெட்டி வாங்கினால் மட்டும் போதாது, பொருத்தத் தொலைக்காட்சி வேண்டும். தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் சிற்றூர்களில் டிவி உள்ள வீட்டைத் தேடிப்போய்த்தான் பிள்ளைகள் ஆட வேண்டியிருந்தது.

இங்கே ஆடிய கேலக்சியன் ஜப்பானில் ஆடிய அதே கேலக்சியன் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை படம் காட்டும். இந்தியாவின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 50 தடவை. விளையாட்டின் ஓட்டம் அந்தக் கணக்கையே பிடித்து நடப்பதால், பால் முறைக்கான பெட்டிகளில் எதிரிகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகப் பாய்ந்தார்கள்.

பிறகு விண்வெளிச் சண்டை சட்டைப்பைக்குள் போனது. 2000-இல் வந்த நோக்கியா 3310 கைபேசியில், 84-க்கு 48 புள்ளித் திரையில், ஸ்பேஸ் இம்பேக்ட் என்ற விளையாட்டு இருந்தது. அதில் கப்பல் பக்கவாட்டில் பறக்கும். வேர் என்னவோ அதே மரபு. படப்பைக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. பழைய கருவிகளைப் போலவே இயங்கும் செயலிகளை ஆப்பிள் 2024 ஏப்ரலில் அனுமதித்த பிறகு, அந்தப் பதினாறு கிலோபைட் விளையாட்டை இவற்றிலும் ஆட வழி பிறந்திருக்கிறது. உரிமத்தோடு ஆட விரும்புவோருக்கு, ஃபேமிகாம் வடிவத்தையே நாம்கோவின் வாரிசான பண்டாய் நாம்கோ நிறுவனம் 2020-இல் தன் தொகுப்பொன்றில் மறுவெளியீடு செய்துள்ளது.

பரணில் பழைய கேசட் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதவும் வேண்டாம். எச்சிலின் ஈரம் செம்பு முனைகளை அரிக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் முனைகளை மெல்லத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு பொருத்திப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும்.