திரும்பி வருவான் என்ற நம்பிக்கை

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டு போயின.

1945இல் போர் முடிந்தது, பிழைத்தவர்கள் திரும்பினர். வராத பிள்ளையைப் பெற்றவர்கள், வந்தவர்களிடந்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. மாண்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவருக்கோ முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. இறந்தான் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லாதபோது, வருவான் என்று காத்திருப்பது பேதைமையாகுமா? அது பெற்ற மனத்தின் நியாயம்.

உங்கள் குடும்பத்திலும் சயாமுக்குப் போனவர் உண்டென்றால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.