பேட்டைகளும் எல்லைகளும்

பேட்டை என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. சைதாப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை, உளுந்தூர்ப்பேட்டை என்று நம் நாட்டில் அது ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. மராத்தியில் அச்சொல்லே ‘பேட்’ என வழங்குகிறது. புனேயின் பழைய நகரம் இத்தகைய பேட்டைகளின் தொகுதியேயாகும். ஞாயிறு முதல் சனி வரை வாரத்தின் ஏழு நாள்களுக்கும் அங்கே ஒவ்வொரு பேட்டை உண்டு. எஞ்சியவற்றுள் சில பேஷ்வா குடும்பத்தாரின் பெயரையும், சில அவர்களுடைய தளபதிகள், அமைச்சர்கள் ஆகியோரின் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

நிக்டியில் குடியேறி இருபது முப்பது ஆண்டுகள் வாழும் தமிழ்க் குடும்பத்தாருள் பலருக்கு இப்பெயர்கள் பஸ்ஸின் பலகையில் மட்டுமே பழக்கமானவை. ஒரு பேட்டைக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேறுபாடு, யார் எங்கே வாழலாம் என்பதை முன்னாளில் யார் வகுத்தார் என்று கேட்டால், நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. ஆகவே நாம் பன்னிருவர், ஓய்வுபெற்ற மராத்திப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பேட்டைகளைக் கால்நடையாகவே பார்த்து வரப் புறப்பட்டோம். நிக்டியிலிருந்து பிம்ப்ரி வரை பஸ். அங்கிருந்து மெட்ரோ ரயில். சிவாஜிநகரை நெருங்கும்போது ரயில் பூமிக்கடியில் இறங்கிவிடுகிறது. பேட்டைகளின் எல்லை ஒன்றும் அந்தச் சுரங்கத்துக்குத் தெரிவதில்லை.

கஸ்பா பேட் இவற்றுள் மூத்தது. அதன் சந்துகளை மராத்தியர் ‘ஆளி’ என்பர். தாம்பட் ஆளி என்பது செம்புக் கொல்லர் தெரு. நம் ஊர்க் கன்னார் தெருவை ஒத்தது. இன்றும் அங்கே சுத்தியல் ஓசை கேட்கிறது. தொழிலால் தெரு அமைவதைத் தவறென்று சொல்வதற்கில்லை. கொல்லன் அருகே கொல்லன் இருப்பதில் வசதி உண்டு. ஆனால் தொழில் பிறப்போடு கட்டப்பட்டபின் தெருவும் பிறப்போடு கட்டுண்டது. அதன் முழு உருவத்தைக் காண்பதற்கு அங்கிருந்து சில நிமிடம் நடந்து சனிவார் வாடாவின் வாயிலுக்குச் செல்லவேண்டும்.

முதலாம் பாஜிராவ் 1730இல் தொடங்கி 1732இல் குடிபுகுந்த அரண்மனை அது. 1828இல் மூண்ட தீயில் உட்கட்டடங்கள் அழிந்துபோயின. கோட்டை மதிலும், தில்லி தர்வாஜா எனப்படும் பெருவாயிலும் நிற்கின்றன. இவ்வரண்மனையைச் சூழ்ந்து மேற்கிலும் தெற்கிலும் சனிவார், நாராயண், சதாசிவ பேட்டைகள் வளர்ந்தன. அவை பெரும்பாலும் பிராம்மணர் வாழ்ந்த பகுதிகள். கிழக்கே நானா, பவானி, கஞ்ச் முதலிய பேட்டைகளில் வணிகரும் முஸ்லிம்களும் தோட்டக்காரரும் கைவினைஞரும் கலந்து வாழ்ந்தனர். தீண்டாதார் எனப்பட்ட மஹார், மாங்க் வகுப்பினருக்கு நகரின் ஓரங்களே கிடைத்தன.

இடத்தைப் பிரித்ததோடு நில்லாமல் நேரத்தையும் பிரித்தார்கள். பேஷ்வாக்கள் ஆட்சியில் காலை ஒன்பது மணிக்கு முன்னும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னும் மஹார்களும் மாங்குகளும் புனே நகரின் வாயிலுக்குள் நுழையலாகாது என்ற விதி இருந்ததாகச் சமூகவியல் அறிஞர் ஜி. எஸ். குர்யே எழுதியிருக்கிறார். காரணம் வேறொன்றுமில்லை: அந்த வேளைகளில் மனிதனின் நிழல் நீண்டு விழும், அந்நிழல் உயர்ந்த ஜாதியார்மேல் பட்டுவிடும். புனேயில் அவ்வகுப்பினர் தம் அடிச்சுவட்டைத் தாமே பெருக்கிச் செல்ல இடுப்பில் விளக்குமாறும், எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை டாக்டர் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டு நூலில் எடுத்துக் கூறினார்.

இதை ஆசிரியர் சொன்னபோது மணி எட்டரை. அவர் வேறு விளக்கம் தரவில்லை, தரையைக் காட்டினார். நம் பன்னிருவரின் நிழல்களும் தெருவின் குறுக்கே எதிர்ச்சுவர் வரை சென்று, ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து கிடந்தன. எந்த நிழல் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தண்ணீரின் கதையும் இதனைச் சார்ந்ததே. 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில் நானாசாகேப் பேஷ்வா காலத்தில் காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நகருக்கு நீர் கொணரப்பட்டது. பேட்டைதோறும் ‘ஹௌத்’ எனப்படும் தொட்டிகளில் அந்நீர் நிரம்பியது. எந்திரம் ஏதும் இன்றி, நிலத்தின் சரிவை மட்டும் நம்பிக் கட்டிய அருமையான வேலை அது. நீர் சரிவைப் பார்த்து ஓடியது. மொண்டு குடிக்கும் உரிமையோ பிறப்பைப் பார்த்து வந்தது.

இனி புதவார் பேட்டைக்கு வருவோம். தகடூசேட் ஹல்வாயி கணபதி கோயிலில் கூட்டம் அலைமோதும். அதற்கு எதிர்ப்புறத்தில் நின்ற பிடே வாடா என்னும் வீட்டில்தான் 1848இல் ஜோதிராவ் பூலே பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 21. அங்கே பாடம் சொல்லிக் கொடுத்த அவர் மனைவி சாவித்திரிபாய்க்கு வயது 17. தெருவில் போகும்போது தம்மேல் சாணமும் சேறும் வீசப்பட்டதால், பள்ளிக்குச் சென்றபின் மாற்றிக்கொள்ள மற்றொரு சேலையை அவர் உடன் கொண்டு போவாராம். பழைய கட்டடம் பாழடைந்து, நெடுங்காலம் வழக்கிலும் சிக்கிக் கிடந்தது. 2023 டிசம்பரில் அதை இடித்துவிட்டார்கள். அவ்விடத்தில் நினைவுக் கட்டடம் எழுப்புவது திட்டம். சரித்திரத்தைக் காண வருகிறவனுக்கு ஓரளவு ஏமாற்றமே. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது: பள்ளி ஊருக்கு வெளியே மறைவில் தொடங்கப்படவில்லை, நகரின் நடுவில், வைதிகர் வாழ்ந்த தெருக்களுக்குக் கூப்பிடு தூரத்தில் தொடங்கப்பட்டது.

அடுத்த சில ஆண்டுகளுக்குள் மஹார், மாங்க் குழந்தைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன. அவற்றில் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங்க் வகுப்புச் சிறுமி, ஏறத்தாழப் பதினான்கு வயதில், தன் இனத்தார் படும் துயரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 1855இல் அது ‘ஞானோதய’ என்னும் மராத்தி இதழில் வெளிவந்தது. பாஜிராவின் காலத்தில் உடற்பயிற்சிச் சாலையின் முன்னே நடந்து சென்ற மாங்க் அல்லது மஹாரின் தலையை வெட்டி, குல்டேக்டி மைதானத்தில் பந்தாக ஆடினார்கள் என்று அவள் எழுதுகிறாள். தன் இனத்தவன் ஒருவன் எழுத்தறிந்தான் எனத் தெரிந்தால், பிராம்மணரின் உத்தியோகத்தை இவனுக்குக் கொடுப்பதா என்று ஆட்சியாளர் சீறினார்கள் என்றும் சொல்கிறாள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அக்கட்டுரையைத் தமிழாக்க ஒருமுறை அமர்ந்தோம். அதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இரண்டு பக்கத்துக்குமேல் நகர முடியவில்லை. பதினான்கு வயதுப் பெண் இத்தனை நிதானமாக எழுதுகிறாளே என்பதுதான் கையை நிறுத்தியது.

கஞ்ச் பேட்டைக்கு இன்று மகாத்மா பூலே பேட் என்று பெயர். பூலே வாழ்ந்த வீடு அங்கே நினைவிடமாகக் காக்கப்படுகிறது. ஓட்டுக்கூரை, மரத்தூண்கள், முற்றம் என்று நம் கிராமத்து வீட்டை ஒத்த எளிய கட்டடம். 1868இல் பூலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டாதார் எனப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். ஊருக்குப் பொதுவான ஹௌதுகளைத் திறக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. தம் வீட்டுத் தொட்டியின்மேல் இருந்தது. இருந்த அதிகாரத்தை அவர் பயன்படுத்தினார். அரசாணைகளும் சாஸ்திரங்களும் போட்ட கோட்டை அழிக்க ஒரு வீட்டுக்காரன் தன் வாசற்கதவைத் திறந்தது, நம் கருத்தில், இந்நகரின் போர்கள் பலவற்றிலும் பெரிய நிகழ்ச்சி. சத்தியசோதக் சமாஜம் தோன்றியது அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1873 செப்டம்பர் 24ஆம் நாளில்.

இதுவரை ஜாதி போட்ட கோடு. நிறம் போட்ட கோட்டைக் காண மேலும் கிழக்கே ‘கேம்ப்’ என்னும் பாளையத்துக்குப் போகவேண்டும். 1817 நவம்பர் 5ஆம் நாள் கட்கியில் நடந்த போரில் பேஷ்வாவின் படை தோற்றது; அம்மாதம் 17ஆம் நாள் சனிவார் வாடாவில் ஆங்கிலக் கொடி ஏறியது. வெற்றி பெற்றவர்கள் பழைய நகருக்குள் குடிபுகவில்லை. அதைத் தள்ளி வைத்துத் தமக்கென ஒரு நகரம் அமைத்தார்கள். அகன்ற சாலைகளும் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் ஐரோப்பியருக்கு. சதர் பஜார் இந்தியருக்கு. பங்களாவின் பின்புறத்து வரிசைக் குடில்கள் வேலைக்காரருக்கு. 1897இல் பிளேக் நோய் பரவியபோது அந்தப் பாளையத்திலிருந்து சிப்பாய்கள் பேட்டைகளின் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டனர். அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டவர்கள் சாபேக்கர் சகோதரர்கள். அவர்களுடைய சிஞ்ச்வடைத் தாண்டித்தான் நிக்டிவாசிகள் தினமும் புனேக்குப் போய் வருகிறோம்.

பாளையத்தோடு தமிழரும் வந்தனர். சமையற்காரர், பட்லர், ஆயா, குதிரைக்காரர், சில்லறைக் குத்தகைக்காரர் என்று ஐரோப்பியர் பின்னால் வந்தவர்கள் கேம்ப், கட்கி ஆகிய இடங்களில் தங்கினர். பின்னர் ராணுவக் கணக்கு அலுவலகங்கள் குமாஸ்தாக்களை ஈர்த்தன. 1928இல் வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் சிம்லாவிலிருந்து இங்கே மாறியது. படித்த தமிழ்க் குடும்பங்கள் பல ராஸ்தா பேட்டில் வீடு பிடித்தன. 1950களில் பிம்ப்ரியில் பெனிசிலின் தொழிற்சாலை வந்தபின் மூன்றாம் அலை நம் பக்கம் திரும்பியது. மூன்றும் தமிழரே; எனினும் பட்லர் வீட்டுத் திருமணத்துக்குக் குமாஸ்தா வீட்டார் எத்தனை பேர் போயிருப்பார்கள்? ஊரில் இருந்த அக்கிரகாரத்தையும் சேரியையும் நாம் ரயிலில் ஏற்றிக்கொண்டே வந்தோம் என்று சொல்வது கசப்பாயினும் மெய்.

நம் தலைநகரும் இதற்கு விலக்கன்று. சென்னையில் கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணமும் வெளியே கறுப்பர் பட்டணமும் இருந்ததை யாவரும் அறிவர். கறுப்பர் பட்டணத்துக்குள்ளும் ஒரு பிரிவினை இருந்தது. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்று வலங்கையாரும் இடங்கையாரும் மோதிக்கொண்டதால், கவர்னர் தாமஸ் பிட் பெத்துநாயக்கன் பேட்டையை வலங்கையாருக்கும், முத்தியாலு பேட்டையை இடங்கையாருக்கும் ஒதுக்கி, 1708இல் எல்லைக் கற்களும் நடுவித்தார். அங்கும் பேட்டை; இங்கும் பேட்டை.

நேரமின்மையால் ஏரவடாவுக்கு நாம் போகவில்லை. ஆனால் தமிழர் அவ்விடத்தை மறப்பதற்கில்லை. 1932 செப்டம்பர் 24ஆம் நாள் அங்குள்ள சிறையில் முடிவான புனே ஒப்பந்தத்தில், டாக்டர் அம்பேத்கரோடு இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. ராஜாவும் ராஜாஜியும் கையெழுத்திட்டனர். தாழ்த்தப்பட்டோருக்கு மாகாணச் சட்டசபைகளில் ஒதுக்கிய 148 இடங்களில் சென்னை மாகாணத்துக்கு 30 கிடைத்தன.

திரும்பும் வழியில் நம் பேச்சு நிக்டியைப் பற்றியே சென்றது. 1972இல் அமைந்த புதுநகர் வளர்ச்சி ஆணையம் பேட்டை என்ற பெயரை விட்டு, ‘செக்டர்’ என்று எண்ணிட்டது. எண்ணுக்கு ஜாதி இல்லை, நல்லதுதான். ஆயினும் நெடுஞ்சாலையின் ஒருபுறம் மரநிழல் படிந்த தனிவீடுகள்; மறுபுறம் ‘ஓட்டா ஸ்கீம்’ என்னும் நெருக்கமான குடியிருப்பு. ஓட்டா என்றால் மராத்தியில் திண்ணை. இவ்விரண்டுக்கும் நடுவே சாலையைக் கடக்கச் சில நிமிடம் போதும். வீட்டு வேலைக்கு வருவோர் நாள்தோறும் கடக்கிறார்கள். எதிர்த்திசையில் கடப்பவர் அரியர். நிக்டிக்கு முதன்முதலில் வந்தபோது வீட்டுச் சொந்தக்காரர் நம்மில் பலரைக் கேட்ட முதற்கேள்வி, என்ன சாப்பிடுவீர்கள் என்பது. அன்று மனம் வருந்தினோம். இன்று சொந்த வீடு கட்டி மாடியை வாடகைக்கு விடும் தமிழரும் அதே கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள்.

இந்த நடையை மேற்கொள்ள விரும்பும் நேயர்கள் கஸ்பா பேட் நிலையத்தில் இறங்கி, சனிவார் வாடா, புதவார் பேட் வழியாகப் பூலே வீட்டை அடைந்து, மண்டை நிலையத்தில் ரயில் ஏறலாம். கேம்ப் பகுதியை மற்றொரு நாளுக்கு ஒதுக்கினால் கால் வலிக்காது. பலகைகள் பெரும்பாலும் மராத்தியில் உள்ளன. நிக்டியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் தடையின்றிப் படித்துச் சொல்வார்கள்.