கடைசி ஆள் மேலே வரும்வரை

கர்னலில் ஒரு பட்டியலைப் பல பிராசசர்கள் படிச்சிட்டிருக்கும்போது ஒன்று அதிலிருந்து ஒரு பதிவை நீக்குது. உடனே நினைவகத்தை விடுவித்தால், படிப்பவர் கையில் செத்த முகவரி, சிஸ்டமே விழலாம். பூட்டுப் போட்டால் எல்லாரும் வரிசையில் நிக்கணும்.

1990களில் சீக்வென்ட் நிறுவனத்தின் பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் கண்ட வழி, ஆர்சியு (ரீட்-காப்பி-அப்டேட்). 1999-ல் ஐபிஎம் சீக்வென்ட்டை வாங்கியது. 2002 அக்டோபரில் அதை லினக்ஸ் 2.5.43-ல் சேர்த்தவர் ஐபிஎம்மின் தீபங்கர் சர்மா.

எங்க ஆதிச்சநல்லூருக்குக் கிழக்கே, முன்பு முத்துக்குளித்த கடலில், மூழ்கியவர் மேலே வரும்வரை கயிறு பிடித்தவர் நகர்ந்ததில்லை. ஆர்சியுவும் அப்படித்தான்: புதிதாக வருபவருக்குப் புதிய பிரதி, பழையதைப் படிக்கும் கடைசி ஆளும் வெளியேறிய பிறகே விடுவிப்பு. படிப்பவர் "உள்ளே இருக்கேன்"னு குறிக்க மறந்தால்? மறுபடி அதே செத்த முகவரிதான்.